அரைச் சுற்று

ஆறில் ஒன்று வெடிக்கவில்லை.
எந்த ஒன்று என்று
சொல்லிவிட்டா வருகிறது அது?

'க்ளிக்.'
சோஹார் சுடுதளத்தில்
வெடிச் சத்தத்துக்கு யாரும் திரும்புவதில்லை.
இதற்குத் திரும்புவார்கள்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்.
குழல் குறிப்பலகையைப் பார்த்தபடியே இருக்க
அசையாமல் நின்று
முப்பது எண்ண வேண்டும்.
தாமதித்து வெடிக்கும் தோட்டாவும் உண்டு.

ஷம்சா அரபியில் எண்ணுவாள், நான் தமிழில்.
அவள் முடித்து உருளையைத் திறக்கும்போது
நான் இருபத்தாறில் நிற்பேன்.

புது ரிவால்வர்.
வாங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை.
பெட்டியின் நுரைமெத்தையில்
தொழிற்சாலை எண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது.
வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் போட்டி.
இன்று செவ்வாய்.

தோட்டாவை மாற்றிப் பார் என்றான் ரோடெல்.
மாற்றினேன், மூன்று பெட்டி, மூன்று நாட்டுச் சரக்கு.
மார்க்கர் பேனாவால்
ஆறு அறைக்கும் எண் போட்டேன்,
குற்றவாளி ஒரே அறையில் குடியிருப்பான் என்று நம்பி.
இரண்டு. ஐந்து. மறுபடி ஐந்து. ஒன்று. நான்கு.
அறைகள் மேல் பிழையில்லை.

வெற்றுக் கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத்தின் அடியில்
எரியாத மருந்துத் துணுக்கு, எள்ளளவு.
பழைய பல் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுத்ததும்
கண்டுபிடித்துவிட்டேன் என்று
எல்லோருக்கும் கரக் சாயா சொன்னேன்.
சாயா ஆறுவதற்குள்
'க்ளிக்.'
முப்பது.

வெளியே ஆகஸ்ட்.
மழையில்லாமலே ஒழுகுகிறது தகரக் கூரை.
வெடித்ததையும் வெடிக்காததையும்
துண்டின்மேல் அருகருகே நிறுத்தி
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

வெடித்தவற்றின் பின்புறம்
பிசைந்த மாவில் சுண்டுவிரல் வைத்தாற்போல் குழி.
வெடிக்காததில் ஒரு தொடுகை, அவ்வளவுதான்.
கதவைத் தட்டிவிட்டு
யாரும் திறப்பதற்குள்
திரும்பிப் போய்விட்டவன் தட்டியது.

ஊசி முழுசாக இருந்தது.
சுத்தியல்தான் மனமில்லாமல் விழுகிறது.

மரப்பிடியைக் கழற்றினேன்.
முன்பக்கம், கீழே, ஒரு சின்னத் திருகு.
தட்டை வில்லை நெருக்கிப் பிடிப்பது அதன் வேலை.
அரைச் சுற்றுக்குமேல் தளர்ந்திருந்தது.
தானாகத் தளர்ந்தால் தலையில் கீறல் விழாது.
விழுந்திருந்தது, புதிதாக, பளபளவென்று.

யார் கை வைத்தது இதில்?
குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.
மொசாரஃப் துடைப்பத்தோடு நின்றுவிட்டான்.
ரோடெல் ஒன்றும் பேசாமல்
பராமரிப்புப் பதிவேட்டைத் திருப்பி
என் பக்கம் நகர்த்தினான்.

மே பதினொன்று.
விசை இழுக்கக் கனமாக உள்ளதாகச் சொன்னார்.
குறைக்கப்பட்டது.
தொபியாஸ்.

என் கோணல் எழுத்துத்தான்.

கால் சுற்று தளர்த்தினேன் அன்று, அது நினைவிருக்கிறது.
அவள் வெறும் உருளையோடு இரண்டு முறை இழுத்துப் பார்த்து
"ஸிப்தா" என்றாள்.
வெண்ணெய்.
பதினொரு வருடத்தில் இந்தத் தளத்தில்
என் வேலையை யாரும் தின்னும் பொருளாகச் சொன்னதில்லை.
அந்தச் சொல்லுக்காக
இன்னும் கொஞ்சம் திருகினேன்.

அந்த இன்னும் கொஞ்சம்
பதிவேட்டில் இல்லை.

இறுக்கினேன், கடைசிவரை.
திருகுமரை ஓரத்தில் ஒரு துளி பசை.
அறுபது தோட்டா சுட்டாள்.
அறுபதும் போயின.
விரலை உதறிக்கொண்டாள், கனக்கிறதாம்.
கனக்கட்டும் என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

என்ன கோளாறு என்று கேட்டாள், காதுமூடியைக் கழற்றியபடி.
திருகு என்றேன்.
யார் தளர்த்தியது என்று கேட்கவில்லை.
துப்பாக்கியைத் துடைத்தாள், பெட்டியில் வைத்தாள்,
தாழ்ப்பாளில் ஒன்றைப் போட்டாள்.

மேசையின் இந்தப் பக்கம்
நான் அசையாமல் நின்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறில்
வாய் திறந்தது.