பெயரில் ஒரு மலை

உவர்மலை என்றார் தரகர்.
மலை என்று காதில் விழுந்ததும்
வேறெதுவும் கேட்காமல்
ஆறு மாத முற்பணத்தைக் கட்டிவிட்டேன்.

வந்து பார்த்தால்
பாண் விற்கும் பையன்
சீற்றிலிருந்து எழும்பாமலே
சைக்கிள் மிதித்து ஏறிவிடுகிற மேடு.
பொகவந்தலாவையில்
எங்கள் லயத்துக் கக்கூஸுக்குப் போகிற பாதை
இதைவிடச் செங்குத்து.

சாவி கேட்டேன்.
"திறப்போ?" என்று கையில் வைத்தார்
வீட்டுக்காரி மங்களநாயகி.
நாங்கள் பூட்டுவதை நினைத்துப் பெயர் வைத்தோம்,
இவர்கள் திறப்பதை நினைத்து என்று
நானாக ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.
உப்பேறிய பூட்டு
இரண்டு பெயருக்கும் அசையவில்லை.
கால்மணி நேரம் மகனும் நானும் லொறியும்
வெயிலில் நின்றோம்.
பக்கத்து வீட்டுத் தவமலர்
மதிலுக்கு மேலால் தேங்காயெண்ணெய் நீட்டினாள்.

"பாரமே இல்லை, என்ன இதுக்குள்ள?"
பெட்டியைத் தூக்கிய ஆள் கேட்டார்.
ஸ்வெட்டர், என்றேன். ஏழு.
சட்டை முதுகில் ஒட்டியிருக்க
அவர் சிரித்த சிரிப்பில்
தவமலரின் நாய் குரைத்தது.

எங்கள் பக்கம் திசைகள் இரண்டுதான்.
மேலே, கீழே.
கோயில் மேலே, கடை கீழே,
டிஸ்பென்சரி இன்னும் கீழே,
செத்தவர்களைக் கொண்டுபோவது எல்லாவற்றுக்கும் கீழே.
இங்கே வந்த முதல் கிழமை
"மேல போயி வெங்காயம் வாங்கிட்டு வா" என்றேன்.
மகன் கூரையைப் பார்த்தான்.

வேலைக்குச் சேர்ந்த அன்று
வார்டு எங்கே என்று கேட்டேன்.
"கடல் பக்கம்" என்றாள் ஒரு நர்ஸ்.
எந்தக் கடல்?
இந்த ஊர் மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு
ஆளுக்கொன்றைக் கைகாட்டுகிறது.
நாங்கள் இதைக் கருவாடாக மட்டுமே அறிந்திருந்தோம்.

இரவு வேலை முடிந்து வந்த ஒரு விடியலில்
பஸ் நிலையத்தில் ஒரு மான்.
கண்டி பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல நின்று
யாருக்கோ விழாத லொத்தர் சீட்டை
மென்றுகொண்டிருந்தது.
ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
நிமிர்ந்து பார்த்தது,
ஊருக்குப் புதுசா என்பதுபோல.
பிறகு மிச்சத்தையும் தின்று முடித்தது.

கச்சான் வீசிய மாதங்களைப் பற்றி
அதிகம் சொல்வதற்கில்லை.
கொடியில் போட்ட சேலை அப்பளமானது.
சுவரில் கை வைத்தால்
காய்ச்சல்காரரின் நெற்றி.
அக்கா போன் எடுத்து
எப்படியிருக்கிறாய் என்றாள்.
நல்லா இருக்கேன் என்றேன்.
அவளுக்குப் பின்னால்
தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.
"கொஞ்ச நேரம் பேசாம இரு" என்று சொல்லி
போனை மகனின் காதில் வைத்தேன்.
பிறகு என் காதில்.
அவளும் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மார்கழியில் வாடை வந்தது.
மூன்று நாள் விடாத மழை,
யன்னல் சட்டங்கள் தட்டிக்கொண்டே இருந்தன.
எனக்கு
ஒரு விசிறியை நிறுத்தலாம் என்ற அளவுக்குத்தான்.
தவமலரோ காதில் துவாயைச் சுற்றிக்கொண்டு
கைகளைக் கட்டியபடி வாசலில் நின்றாள்.
"என்ன குளிரப்பா!
உங்கட ஊரில மனிசர் எப்பிடி இருக்கிறது?"

பெட்டியைத் திறந்தேன்.
பூச்சி உருண்டையின் மணம்,
அதற்குள் விறகுப் புகை.
அம்மாவுடைய கடுகு நிற ஸ்வெட்டர்,
முழங்கையில் தேயிலைக் கறை.
அவளுக்குத் தோளில் இறுக்கம்,
ஆனாலும் கழற்றவில்லை.
பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு
பாண் வாங்கப் புறப்பட்டாள்.

ஈர ரோட்டில்
கடுகு நிறம் சின்னதாகிக்கொண்டே போனது.
முதலில் கால்கள் மறைந்தன,
பிறகு இடுப்பு,
கடைசியாகத் துவாய்த் தலை.
அட,
இந்த மேட்டுக்கும் ஒரு கீழே இருக்கிறது.

"அம்மாச்சியோட ஸ்வெட்டர்
திரும்பி வருமா?" என்றான் மகன்.

"வரும்" என்றேன்.
"பாண் வாங்கிட்டு மேல வருவாங்க."

இந்தத் தடவை
அவன் கூரையைப் பார்க்கவில்லை.