கண் வைத்தல்

சொத்தவிளை ரிசார்ட் நீச்சல்குளத்துக்கு
ஏழு புத்தர் சொல்லியிருக்கிறார்கள்.
ஆறு சின்னது, விளக்கு வைக்க.
ஒன்று என் உயரம்.
அச்சில் வார்த்த சிமெண்ட், பிரைமர், தங்கம் இரண்டு கோட்.
கண் மட்டும் பாக்கி.

"பாதி மூடின மாதிரி இருக்கணும், கேட்டியா,
ஆனா உறங்கப்பிடாது" என்றார் டென்னிசன் மேஸ்திரி,
வெளியே வந்த குருசைச் சட்டைக்குள் போட்டபடி.
"சாமின்னு நெனைக்காண்டாம். ஷோவுக்குத்தான்."

ஆறு மணிக்குள் பழவிளை முகாமில் நிற்கவேண்டும்,
இன்று கையெழுத்து நாள்.
முப்பது வருஷம் சுவருக்கு வண்ணம் அடித்தவன்
கண் வரைந்ததில்லை.

வரைவதைப் பார்த்திருக்கிறேன்.
ஊருக்குத் திரும்பிப்போன அக்கா அனுப்பிய வீடியோ,
ஒரு நிமிஷம் பதினெட்டு செக்கன்.
எங்கட மேட்டுக்காணி. ஐயனார் சூலம் நின்ற இடத்தில்
வெள்ளை வெளேரென்று ஒருவர் இருக்கிறார்.
சுற்றிவர ஆமி.
தொல்பொருள் திணைக்களத்துப் பலகையில் மூன்று மொழி,
எங்கள் மொழியில் இரண்டு பிழை.
தெற்கிலிருந்து கூட்டிவந்த ஓவியன்
சிலைக்கு முதுகு காட்டி நிற்கிறான்,
ஒரு கையில் கண்ணாடி, தோளுக்கு மேலால் தூரிகை.
திறக்கிற கண்ணை நேரே பார்க்கக்கூடாதாம்.
முதல் பார்வை விழுந்த இடம் கருகுமாம்.
அக்கா கிசுகிசுக்கிறாள்:
"எங்கட பக்கம்தான்ரா பார்க்குது."
பிறகு புல், ஒரு செருப்பு, இருட்டு.

பொங்கல் பானைக்கு மூன்று கல் வைக்க
அனுமதிக் கடிதம் கேட்டார்கள்.
வயலுக்குள் எல்லைக்கல் வந்தது.
அக்கா இப்போது மேட்டுக்காணி என்று சொல்வதில்லை,
"அங்கால" என்கிறாள்.
ஒன்றும் வேண்டாமென்று எழுந்து போனவர் பேரில்
ஏக்கர் கணக்கு.

உப்புத்தாள் தேய்க்கிற மாஹீன் திருவிதாங்கோட்டுப் பையன்.
அவன் மூத்தாப்பா கண்டிப் பக்கம் துணிக்கடை வைத்திருந்தார்.
ஒரு மார்ச்சில் கடை எரிந்தது.
நோய் வருஷத்தில் அவரும்.
எங்கள் மார்க்கத்தில் எரிக்கக்கூடாது என்று
காலைப் பிடித்துச் சொன்னார்களாம்.
புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று பதில்.
"சாம்பல வாங்க ஆரும் போவல்ல அண்ணே.
வாப்பா இப்பவும் கபர்ஸ்தானுக்குப் போவாரு,
எங்க நிக்கதுன்னு தெரியாம நிப்பாரு"
என்றான், தாளைத் திருப்பிக்கொண்டே.

இந்த ஊர் வேறு என்று சொல்லத்தான் ஆசை.
போன மாதம் வேலைக்கு வரும் வழியில்,
புறம்போக்குத் திருப்பத்தில்
முந்தின நாள் இல்லாத ஒரு பீடம்.
ஈரம் காயாத சிமெண்ட். மேலே துணி.
எதிரே நாலு போலீஸ், இரண்டு பக்கமும் ஆள்.
துணிக்குள் வேலா குருசா என்று நான் கேட்கவில்லை.
ராத்திரியில் முளைக்கிற சாமிகளை எனக்குத் தெரியும்,
பகலில் நிலம் அளக்கும்.

நாலேமுக்கால்.
மாஹீனின் பைக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தரச் சொன்னேன்.
"எதுக்கு?"
"வழக்கம்."
திரும்பி நின்றேன். கண்ணாடிக்குள் என் காது,
நரைத்த கிருதா, பின்னால்
கண்ணில்லாத பெரிய பொன்முகம்.
கோபத்தைத் தேடினேன்,
இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்ததை.
பார்த்து அந்த நேரம் வரவில்லை.
கைதான் நடுங்கியது, அக்காவுக்குப் போல.
இடது இமை கொஞ்சம் இறங்கிவிட்டது.

இனிக் கருமணி. எங்கே பார்க்க வைப்பது?
குளத்தில் யாரோ பெற்ற பிள்ளைகள்.
கிழக்கே கடல், கடலுக்கு அந்தப் பக்கம் அக்கா.
நேர் முன்னால் கையில் தாளோடு மாஹீன்.
"தள்ளு" என்றேன்.
"ஏன்?"
"தள்ளி நில்லடா."

கருமணியைக் கீழே இறக்கினேன்.
மடியில் வைத்த வெறுங்கையை
அவரே பார்க்கட்டும்.

டென்னிசன் வந்து தலையைச் சாய்த்து நின்றார்.
"உறங்குதாரேடே."
ஐந்து பத்து பஸ்ஸுக்கு ஓடினேன்,
விரலிடுக்கில் கறுப்போடு.