இருகூர் வால்வு

மச்சச் சட்டியே இல்லாத வீட்டுக்கு
ஞாயிறு காலை ஒன்பதரைக்கு
ஓர் ஆட்டின் நெஞ்சைக் கொண்டுவந்தேன்,
புத்தகக்கடைப் பையில்.

"ஈரலும் வேணுமோ பிள்ளை?"
சின்னக்கடையில் மரியநாயகம் கேட்டார்.
"வேண்டாம். இதயமும் சுவாசப்பையும்,
ஒன்றையொன்று பிரிக்காமல்."
"ஓ, சோதனைக்கோ" என்று ஐம்பது ரூபா குறைத்தார்.
பிறகு, பிழைவிட்டவர்போல:
"இடப்பக்கத்திலை கத்தி பட்டிட்டுது."

கோண்டாவில் வரைக்கும்
சைக்கிள் கூடையில் அது சூடாறவில்லை.

கிணற்றடித் துவைகல்லில் வாழையிலை.
முதலில் வாதனாளி:
விரலுக்கு நெளியும் வளையங்கள், பின்புறம் மூடாதவை,
கை நுழைய வாய்விட்ட காப்புகள்.
அந்த இடைவெளியில் களம் சாய்ந்திருக்கிறது.
ஒரு கவளம் இறங்க
மூச்சு சற்றே ஒதுங்கிக் கொடுக்கும்.

பப்பாசித் தண்டைச் செருகி ஊதினேன்.
வலது எழுந்தது,
கருஞ்சிவப்பிலிருந்து வெளிறி வெளிறி
புளித்த அப்பமாப்போல, ஓசையின்றி.
இடது, கத்தி பட்ட வாயால்
உஸ்ஸென்று
என் மூச்சை என் முகத்துக்கே திருப்பியது.

அம்மா குசினி வாசலில் நின்றா.
"கல்லை மஞ்சள்தண்ணி விட்டுக் கழுவிப்போடு."
உள்ளே போகவில்லை.

இதயத்தைப் பிளந்தேன்.
வலது அறைச் சுவர் கொப்பி மட்டைத் தடிப்பு,
பக்கத்துவீட்டுச் சுவாசப்பை மட்டுக்கும் தள்ளினால் போதும் அதற்கு.
இடது அறை என் பெருவிரல் தடிப்பு,
கால் நகம்வரை அதன் பொறுப்பு.
உள்ளே இரண்டு இதழ்கள்,
பட்டத்து முச்சைபோல் வெள்ளை நாண்கள்
கீழிருந்து இழுத்துப் பிடித்தபடி.

"இதுதானோ எனக்குச் சுருங்கினது?"

எப்போது கிட்ட வந்தாவோ.

தொண்ணூற்றைந்து ஐப்பசி, பதினொரு வயது,
சாவகச்சேரியில் பள்ளிக்கூடமொன்றின் சீமெந்துத் தரை.
தொண்டைநோ, பிறகு முழங்கால் வீக்கம்.
ஊசிமருந்து இல்லை.
தொண்டை ஆறியது, கால் நடந்தது.
இந்த இதழ்கள் மட்டும்
மறக்கத் தெரியாமல் வருடாவருடம் தடித்தன.
ஆறு வருடத்துக்கு முன் வெட்டியெடுத்து
உலோகத்தில் ஒன்று வைத்தார்கள்.
அன்றிலிருந்து மாதாமாதம் பெரியாஸ்பத்திரியில் இரத்தம் பார்ப்பது,
அளந்து வைக்கும் கீரை.

சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு
ஒரு விரலால் இதழைத் தொட்டா.
"எவ்வளவு மெல்லிசு."
பிறகு,
"என்ரையை என்ன செய்திருப்பினம்?"

என் புத்தகத்தில் அது இல்லை.

இன்னும் குனிந்தா.
நின்றுபோன இதயத்தின் மேலே
டிக், டிக், டிக்.
கிணற்றடியில் மணிக்கூடு கிடையாது.

"குளிச்சிட்டு உள்ளை வா" என்று போனா,
அந்த விரலைக் கழுவாமல்.

காகம் கப்பியில் வந்து குந்தியது.
நான் பிரிமென்றகட்டைத் தேடினேன்.
அதை மரியநாயகம் வைத்துக்கொண்டிருக்கிறார்.