ஒரு நொடி வாடாமல்லி

ஏகாம்பரகுப்பத்தில் தறிகள் ஓய்ந்த சாப்பாட்டு வேளை.
நூற்றுப் பதினாறாவது படத்தைத் திறக்கிறேன்.
சேலை வாடாமல்லி.
ஒரு நொடி.
பிறகு யாரோ கூப்பிட்டது போல்
திரும்பி
நீலமாகிவிடுகிறது.

மூடித் திறக்கிறேன். ஒரு நொடி சரி. அப்புறம் நீலம்.
பெயரிலேயே வாடாத பூ
என் திரையில் வாட எடுத்துக்கொள்வது
இரண்டு கண்சிமிட்டல்.

தணிகாசல முதலியார் என் முதுகுக்குப் பின்னால்
ரசீதை விசிறிபோல் ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.
விஜயவாடாவிலிருந்து பதினொரு சேலை திரும்பிவிட்டது.
படத்தில் ஒன்று பார்சலில் ஒன்று என்று
எழுதி அனுப்பியிருக்கிறார்கள், தெலுங்கில்,
இதைவிட மரியாதைக் குறைவாக.
“சாயம் என்னுது. கேமரா உன்னுதும்மா” என்கிறார்.
அவர் கணக்கு அத்தோடு முடிந்தது.

முதலில் கார்டைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு கேபிளை.
பிறகு திருத்தணியில் தவணைக்கு வாங்கிய மானிட்டரை,
தலைக்கு மேல் ட்யூப்லைட்டை,
கடைசியில் என் கண்ணை.
சாஃப்ட்வேரைக் கழற்றி மறுபடி ஏற்றினேன்.
போன மாதம் எடுத்த மூக்கு மலையைத் திறந்தால்
அதுவும் ஒரு நொடி பசேலென்று நின்று
காய்ச்சல்காரன் மாதிரி சோர்ந்தது.
மலையை யாரும் ரிட்டர்ன் அனுப்பவில்லை.
அதனால்தான் இத்தனை நாள் தெரியவில்லை.

நாலு மணிக்குத் தறிகள் மறுபடி தடதடக்கும்போது
பிடிபட்டது.
ரா ஃபைலுக்கு இன்னும் நிறமே வரவில்லை.
எண்கள். பாவு ஓட்டிய நூல் மாதிரி வரிசை வரிசையாக,
ஊடை போகாத எண்கள்.
அதன் மடிப்பில் கேமரா தானே செய்த
சின்னப் படம் ஒன்றைச் சொருகிவைக்கிறது,
பெண் வீட்டார் கொடுத்தனுப்பும் போட்டோ போல,
நான் என்றைக்கோ திருகிவிட்ட பளபளப்போடு.
முதல் நொடியில் வந்து நின்றது அது.
அதற்குள் கம்ப்யூட்டர் எண்களைத் தன் போக்கில்
நெய்து முடித்துவிடுகிறது.
அதன் கைக்கு ஊதா கொஞ்சம் நீலத்துக்குச் சாயும்.
எதுவும் கெட்டுப்போகவில்லை.
ஒரு சேதியை இரண்டு பேர் சொன்னார்கள்.

ப்ரொஃபைல் பட்டியலில் என் கேமராவின் பெயரைத் தேடித் தட்டினேன்.
நீலம் மெல்லச் சிவந்து திரும்பியது.
“வந்துடுச்சு” என்றார் முதலியார்.
நான் சேலையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குப் போனேன்.
அங்கே அது மூன்றாவது ஒன்றாக இருந்தது,
இரண்டுக்கும் தூரத்து உறவு.
எத்தனை கல்யாணங்களை
அந்த முதல் நொடியை நம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

மடிப்புப் பிரித்துக்கொண்டிருந்த ரெட்டெம்மா
தலை நிமிர்த்தி,
“இது வங்கப்பூவு ரங்கு. இதுக்கா இத்தனை நேரம்?” என்றாள்.
அவளுக்குத் தொடக்கத்திலிருந்தே கத்திரிப்பூ.
சத்தியமாக, அதற்கும் ஒரு ப்ரொஃபைல் இருக்கும்.

ட்யூப்லைட்டை அணைத்தோம்.
ஜன்னலோரம் விரித்து, முந்தானையில் சாம்பல் அட்டை வைத்து,
பதினொன்றையும் மறுபடி எடுத்தேன்.
ஒன்றில் ரெட்டெம்மாவின் கை விழுந்துவிட்டது,
மணிக்கட்டில் ரப்பர் பேண்டோடு.
வெட்டச் சொன்னார் முதலியார்.
வெட்டவில்லை.
ஒரு கையின் நிறம் எப்படி இருக்குமென்று
வாங்குகிறவளுக்குத் தெரியும்.
மீதியை அவள் அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

படத்தடியில் தமிழில் வாடாமல்லி,
தெலுங்கில் ரெட்டெம்மா சொன்னது.
நிறம் சற்று மாறலாம் என்று சேர்க்கப் போனேன்.
“அதை எழுதினா எவ வாங்குவா?”

போன வாரம் ஒன்பது போயிற்று.
ஒன்று திரும்பியது.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே வரி:
கலர் கரெக்ட்.
ரவிக்கைத் துணி போதவில்லை.