காலி செய்ய வேண்டாம்

மற்றதெல்லாம் பில்லில் இருக்கிறது, சார்.
இதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்:
மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்ய வேண்டாம்.
வெறுங்குளம் ஒரு தோணி.
அடியில் ஊறும் தண்ணீர்
ஐம்பத்தைந்து டன் கான்கிரீட்டையும்
ஒரு படி உயரம் தூக்கி வைத்துவிடும், சத்தமில்லாமல்.

அரவேணுவுக்குக் கீழே, தேயிலை பிடுங்கிய சரிவு.
பொக்லைனுக்கு அனுமதி வரவில்லை.
பதினோரு பேர், கடப்பாரை, மண்வெட்டி,
இருபத்திரண்டு நாள்.
இடுப்பளவுச் செடிக்கு
ஆளை விழுங்கும் ஆழத்தில் வேர்.

பத்தொன்பதாம் நாள் ஆழப்பக்கத்து மூலையில்
மாதையன் கடப்பாரையை உருவினான்.
பின்னாலேயே தண்ணீர்.
முதலில் சிரட்டையளவு, மத்தியானத்துக்குள்
மோட்டார் வைத்து இறைக்கும் அளவு.
நீங்கள் போனில் 'அடைச்சிடுங்க' என்றீர்கள்.
டிசைனர் மெஹ்ருன்னிசா கோவையிலிருந்து
'அடைச்சா வேற இடம் பார்க்கும், வழி விடுங்க' என்றார்.
விட்டோம்.
ஒன்றரை அடி ஜல்லி, துளையிட்ட குழாய்,
தரையில் ஒரு வால்வு:
அடியழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும்.
அதன்மேல் பூந்தொட்டி எதுவும் வைக்க வேண்டாம்.

கம்பி கட்டியது புபன் மாஜியும் அவன் மச்சானும்.
பத்து எம்எம், ஆறங்குலத்துக்கு ஒன்று, இரண்டு அடுக்கு,
ஐயாயிரத்துக்குமேல் முடிச்சு.
மஞ்சு இறங்கி ஆளை மறைத்த பிறகும்
கூண்டுக்குள்ளிருந்து கிர்ர்க், கிர்ர்க்.
காலையில் பார்த்தால் கம்பியெல்லாம் துரு பூத்திருக்கும்.
தேய்த்தோம். மறுநாளும் பூத்தது.

ஷாட்கிரீட்டை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.
நடுவில் நின்றால்
நேற்றையதும் இன்றையதும் பேச்சில்லாத பங்காளிகள்;
அவர்கள் நடுவே கசிவு குடியேறும்.
கம்ப்ரசர் லாரி குஞ்சப்பனை வளைவில்
இரண்டு மணிநேரம் மாட்டிக்கொண்டதால்
ராத்திரி பதினொன்றுக்கு விளக்கு கட்டி முடித்தோம்.
அருள்ராயன் நாசிலைச் சுவருக்கு நேராக,
ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தார்.
சாய்ந்தால் எகிறும்.
எகிறி விழுந்ததை அள்ளித் திரும்பப் போடவில்லை;
நாற்பது பாண்டு வெளியே கொட்டினோம்.
பில்லில் 'சேதாரம்' என்று கோடிட்டுக் கேட்டது அதைத்தான்.

தரையும் சுவரும் சேருமிடத்தில் மூலை தேடாதீர்கள்.
சோற்றுச்சட்டியின் உட்புறம்போல
உள்ளங்கை வழுக்கிக்கொண்டே மேலேறும்.

ஜனவரி. ராத்திரி ஆறு டிகிரி.
குளிரில் கான்கிரீட் இறுகச் சோம்பும்.
சாக்கு, அதன்மேல் தார்ப்பாய், பதினான்கு நாள்.
நனைத்தவர் கீழ்லயன் செவனம்மா.
ஹோஸைக் கையில் பிடித்தபடி கேட்டார்:
'தண்ணி உள்ள நிக்கத்தானே கட்டுறீங்க?
வெளித்தண்ணிக்கு ஏன் இவ்வளவு பயம்?'
எனக்குப் பதில் தெரியும்.
சொல்லத்தான் அரைமணிநேரம் ஆனது.

சோதனைக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து எட்டு லாரித் தண்ணீர்.
படியில் ஒரு வாளியும் நிரப்பி வைத்தோம்.
ஏழாம் நாள் குளத்தில் குறைந்தது இருபத்தொரு மில்லி.
வாளியிலும் இருபத்தொன்று.
வெயிலும் காற்றும் குடித்திருக்கின்றன;
விரிசல் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

கடைசியாக.
ஊற்றின் குழாய் தாங்குசுவரில் வெளியே வருமிடத்தில்
யாரோ பச்சை ஹோஸ் மாட்டி
லயனுக்கு இழுத்திருக்கிறார்கள்.
முனையில் ஏழு குடம் எண்ணினேன்.
வரைபடத்தில் அந்த இடத்துக்கு 'வடிகால்' என்று பெயர்.
கழற்றச் சொல்லவில்லை.
அது அடைபட்டால் குளம் எழும்பும், சார்;
ஆகவே அது ஓடுவது
உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.
ஓட்டம் குறைந்தால்
உங்களுக்குமுன் செவனம்மாவுக்குத் தெரிந்துவிடும்.
அவர் நம்பரைப் பில்லின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.
பம்ப் அறைச் சாவி வாட்ச்மேனிடம்.