நானூற்றிருபது சுற்று

செல்வின்றோஸ் பகலில் உறங்குகிறவன்.
முப்பந்தலில் காற்றாலைப் பழுது, இரவு ஷிப்ட்.
நான் பகலில் எழுதுகிறவள்.
எங்கோ யாரோ பேசிப் பதிவான குரல்களைக்
காதில் மாட்டிக் கேட்டு, தட்டச்சு செய்து,
நிமிடக் கணக்கில் கூலி.
இருவருக்கும் ஆரல்வாய்மொழியில் ஒரே அறை,
மேஜைக்கும் கட்டிலுக்கும் இடையே
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அகலம்.

மேஜைக்கு அடியில் பழைய பெட்டி.
மதியம் ஆனால் மூச்சிரைக்கும்,
விசில் வராத குக்கர் மாதிரி.
"எளவு, அத நிறுத்து பிள்ள" என்பான்
தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு.
எண்பது மீட்டர் உயரத்தில்
ராட்சச இறக்கைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவன்
ஒரு சாண் விசிறியிடம் தோற்றுப்போவான்.

வடசேரியில் கடைக்காரப் பையன்
கலர் கலராக மின்னும் விசிறிகளை எடுத்துப் போட்டான்.
"கேம் ஆடவாக்கா?"
"கேக்காத ஃபேன் இருக்கா?"
அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

வாங்கியது: குறைந்த மின்சாரம் தின்னும் பிராசஸர்,
அதன் தலையில் வைக்க
பலாப்பழம் போல் கனத்த ஒரு அலுமினியக் கட்டி.
சுழலும் டிஸ்கைக் கழற்றி எறிந்தேன்.
இல்லை, எறியவில்லை. கல்யாண வீடியோ இருக்கிறது.
சைக்கிள் டியூப்பைக் கீறி
அதை உள்ளே தொட்டில் கட்டி வைத்தேன்,
வேண்டும்போது மட்டும் சுற்ற.
குலசேகரத்து நாத்தனார் தந்த ரப்பர் ஷீட்டை
வட்டவட்டமாக வெட்டி நாலு காலுக்கும் செருப்பு.
ஒரு வாரம் அறை முழுக்கப் புகைக்கூட்டு நாற்றம்.

முன்பு நூற்று முப்பது வாட்.
இப்போது இருபது.
விசிறியே இல்லை.

சுவிட்சைப் போட்டேன். திரை வந்தது.
ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.
சூடாக இருந்தது, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி அளவுக்கு.

அன்றைக்குக் கேட்ட பதிவில்
பேசுகிறவருக்குப் பின்னால் ஒரு பெண் மூக்குறிஞ்சினாள்.
ஒரு கதவு பைய மூடியது.
"தெளிவில்லை" என்று நான் இத்தனை காலம்
அடைப்புக்குள் போட்டுத் தாண்டிய இடங்களில்
ஆள் இருந்திருக்கிறார்கள்.

மூன்று மணிக்குச் செல்வின் எழுந்து உட்கார்ந்தான்.
"என்னவாக்கும் அது?"
"எது?"
"ஙொய்ன்னு."

டியூப்லைட்டை அணைத்தேன்.
பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜா என்று சுவரில் காது வைத்தேன்.
இன்வெர்ட்டரை, சார்ஜரை,
கடைசியில் கணினியின் பிளக்கையே பிடுங்கினேன்.
"இப்பமும் கேக்குவு" என்றான்.
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு தன் கையால் வலது காதைப் பொத்தினான்.
இன்னும் அழுத்திப் பொத்தினான்.

ஆசாரிப்பள்ளத்துக் காது டாக்டர்
பதினோரு வருட கியர்பாக்ஸ் சத்தத்தைக்
காகிதத்தில் ஒரு கோடாக வரைந்து தந்தார்,
வலதுகோடியில் சரிந்து விழும் கோடு.
மருந்து இல்லை என்றார்.
முழு அமைதி ஆகாது என்றார்.
பஸ்ஸில் வரும்போது இருவரும் பேசவில்லை.
காற்று மிஞ்சிப்போய் மின்சாரம் வாங்க ஆளில்லாமல்
நிறுத்தி வைத்திருந்த காற்றாலைகள்
வரிசையாக வயலில் நின்றன.

அடுத்த வாரம் மறுபடி வடசேரி.
இருப்பதிலேயே பெரிய விசிறி, விளக்கில்லாதது.
அவன் கண்ணை மூடிப் படுத்திருக்க
நான் திரையில் எண்ணைக் கூட்டிக்கொண்டே போனேன்.
முந்நூறு. "எனக்குள்ளதுதான் கேக்குவு."
அறுநூறு. "இது ஒனக்க பெட்டி."
ஐந்நூறு. "கொஞ்சம் கொற."
நானூற்று ஐம்பது.
நானூற்றிருபது.
பதில் இல்லை.
இன்னொரு தரம் கேட்க வாயெடுத்து, நிறுத்தினேன்.
வாய் பாதி திறந்திருந்தது அவனுக்கு.

பிராசஸருக்கு அந்த விசிறி வேண்டாம்.
அது முன்பே குளிர்ந்துதான் இருந்தது.
மொத்தம் இருபத்தொன்றரை வாட்.
அந்த ஒன்றரை அவனுக்கு.