தேரைக் கணக்கு

பதினோரு ஆண்டுகளாக
இந்தச் சாலையில் கடைசிப் பேருந்து என்னுடையது.
எஸ்தோனியாவில் ஏப்ரல் என்றால் பாதிப் பனி, பாதிச் சேறு.
ஏரித் திருப்பத்தில் சக்கரத்தடியில்
பொத் பொத்தென்று ஒரு சத்தம் வரும்.
உருகாத பனிக்கட்டி என்று நினைத்தேன்.
நினைத்துக்கொண்டேன் என்பதே சரி.

இந்த வருடம் நடுச்சாலையில் கைவிளக்குகள்.
மஞ்சள் மேலங்கிக்காரர்கள் வண்டியை மறித்தார்கள்.
பயணி ஒருவரும் இல்லை; இருந்தாலும் அட்டவணை அட்டவணைதானே.
சண்டை போடத்தான் இறங்கினேன்.
மருந்துக்கடை ஹில்வே நின்றிருந்தாள்,
மீதிச் சில்லறையைக்கூட முகம் பாராமல் தருகிறவள்.
நான் கத்தி முடிக்கும்வரை கேட்டாள்.
"இதைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்று
வாளியை நீட்டினாள்.

கோபமாக இருப்பவனிடம் வாளியை நீட்டக் கூடாது.
வாங்கிவிடுவான்.

உள்ளே பதினான்கு தேரைகள்.
ஈர உருளைக்கிழங்குகளுக்குக் கண் முளைத்ததுபோல.
சிலவற்றின் முதுகில் இன்னொன்று, இறங்க மனமில்லாமல்.
காட்டு மண்ணுக்கடியில் குளிர்காலம் தூங்கி எழுந்து
பிறந்த நீருக்கே முட்டையிடப் போகின்றனவாம்.
இடையில் நாம் தார் ஊற்றியதை
யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.

கல்லுக்குள் தேரைக்கும் படியளக்கிறவனுக்கு
நெடுஞ்சாலைத் துறையில் அதிகாரம் கிடையாது போலும்.
அதனால்தான் ஹில்வே, வெல்டர் பிரீட்,
ரப்பர் காலணியில் ஜினாயிதா,
மறுநாள் விடுப்பில் இருந்த நான்.

ஜினாயிதாவும் நானும் ஒரே மாடிப்படியில்
பத்தொன்பது வருடம் ஏறி இறங்கியவர்கள்.
அவள் தொலைக்காட்சி எத்தனை மணிக்கு அணையும் என்று
சுவர் வழியே தெரியும்; பெயர் தெரியாது.
அவள் ரஷ்ய மொழியில் எண்ணுவாள், ஹில்வே எஸ்தோனியனில்.
நனைந்த நோட்டில் பிரீட் எழுதும்போது
அறுபத்து மூன்று அறுபத்து மூன்றுதான்.
நசுங்கியவற்றுக்கும் ஒரு பத்தி உண்டு.
அந்தப் பத்தியை நான் நிரப்பினேன்.
யாரும் என்னை நிரப்பச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வீடு திரும்பினால்
கைகளில் குளத்து வாசனை, சோப்புக்கும் போகாது.
காயா என்னைவிட்டுப் போன பிறகு
முதல் முறையாக, மாத்திரை இல்லாமல்,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போனேன்.
இதை ஹில்வேயிடம் சொல்லவில்லை.
மாத்திரை விற்கிறவள் அவள்.

ஒரு வியாழக்கிழமை காய்ச்சல். போகவில்லை.
போகாவிட்டால் என்ன, கூலியா பிடிப்பார்கள்?
பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம்.
நெற்றி விளக்கை அணைக்க மறந்து
என் கண் கூச ஜினாயிதா,
கையில் ராஸ்பெரி ஜாம் புட்டி.
ஒரு விரலைக் காட்டினாள்.
தெரிந்த கொஞ்ச எஸ்தோனியனில் சொன்னாள்:
"ஒன்று குறைகிறது."

தேரைகளைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கதவைச் சாத்தியபின்
புட்டியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.
அரசாங்கம் என்னை எண்ணியிருக்கிறது,
பேருந்து நிறுவனம் எண்ணியிருக்கிறது,
காயாவின் வக்கீல் மிகக் கவனமாக எண்ணினார்.
நான் இல்லாததை எண்ணியவர்கள்
இவர்கள்தான்.

மே மாதம் மேலங்கிகளைத் துவைத்து மடித்தோம்.
வேலை முடிந்துவிட்டது; பழக்கம் முடியவில்லை.
ஜினாயிதாவின் பூட்டைப் பிரீட் சரிசெய்தான்.
ஹில்வே இப்போது சில்லறை தரும்போது
"தூக்கமா?" என்கிறாள். எப்படித் தெரியும் அவளுக்கு?

ஜூலை. இரவென்று சொல்ல முடியாத இரவு,
வானம் பால்போல வெளுத்து, பொடி மழை.
ஏரித் திருப்பத்தில் தார்ச்சாலை அசைந்தது.
குஞ்சுகள். நகமளவுக் குஞ்சுகள்,
இம்முறை ஏரியிலிருந்து காட்டுக்கு.
எந்த நோட்டிலும் அடங்காது.

வண்டியை நிறுத்தினேன்.
பின்னிருக்கை இளைஞன் எழுந்து வந்தான்:
கடைசி ரயில், காத்திருக்கும் யாரோ,
புகார் எண் எங்கே எழுதியிருக்கிறது.
அவன் முடிக்கும்வரை கேட்டேன்.
பிறகு இருக்கைக்கடியில் கையை விட்டேன்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க."